‘ஐ ஆம் கன்சிடரிங் மைசெல்ஃப்’ என்று எழுதலாமா?

கேள்வி: மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். என்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சிறு வயதில் நான் யாரோடும் பேசாதவள். கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்த பிறகுதான் மாறினேன். அதைத்தான் முதல் பத்தியில் எழுதினேன்:

“ஃப்ரம் சைல்ட்ஹுட் ஐ ஆம் எ ஷை பெர்சன். ஐ வாஸ் ஆல்வேஸ் திங்கிங் மைசெல்ஃப் ஆஸ் எ ஃபெயிலியர். ஆஃப்டர் ஜாய்னிங் த டிராமா க்ளப் ஐ ஃபீல் மைசெல்ஃப் கான்ஃபிடென்ட். நவ் ஐ ஆம் கன்சிடரிங் மைசெல்ஃப் ஆஸ் எ குட் ஸ்பீக்கர்.”

தோழியிடம் காட்டினேன். நான்கு வாக்கியத்தையும் அடித்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், “அப்படிச் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்” என்கிறாள். இதற்கெல்லாம் விதி ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

பதில்:

உங்கள் தோழி அடித்தது சரிதான். ஆனால் நான்கு வாக்கியத்திலும் இருப்பது ஒரே கோளாறு அல்ல. எந்த வினைக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்பது ஒரு பக்கம். அது மனப்பாடம்தான், ஆனால் ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் அளவு. இன்னொரு பக்கம் டென்ஸ். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. எழுதும்முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் சொல்லப்போகிற அந்தப் பழைய ‘நான்’ இன்னும் இருக்கிறாளா, போய்விட்டாளா? விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்துவதே என் பிழைப்பு. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எழுதிய பத்திகள்தான் என் மேசையில் அதிகம் சிவக்கின்றன.

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வாருங்கள். இந்த விஷயத்தில் கண்ணைவிடக் காது வேகமாகக் கற்கும்.

தமிழில் ‘நினைக்கிறேன்’ என்ற ஒற்றை வினை எல்லா வேலையும் பார்க்கும். “என்னை நல்ல பேச்சாளராக நினைக்கிறேன்”, “நாளைக்கு மழை வரும் என்று நினைக்கிறேன்”, “அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்” என எல்லாம் அதுவே. அதோடு ‘ஆக’ என்ற ஒட்டு எங்கும் ஒட்டிக்கொள்ளும்: பேச்சாளராகக் கருதுகிறேன், பேச்சாளராகப் பார்க்கிறேன், தன்னம்பிக்கை உள்ளவளாக உணர்கிறேன். அந்த ‘ஆக’தான் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஆஸ்’ ஆகி எல்லா இடத்திலும் வந்து உட்கார்கிறது. ஆங்கிலத்தில் எல்லா வினையும் ‘ஆஸ்’ கேட்காது.

கேட்கிற கூட்டம் இது: ‘ஐ சீ மைசெல்ஃப் ஆஸ்’, ‘ஐ ரிகார்ட் மைசெல்ஃப் ஆஸ்’, ‘ஐ வியூ மைசெல்ஃப் ஆஸ்’, ‘ஐ டிஸ்க்ரைப் மைசெல்ஃப் ஆஸ்’. ‘திங்க்’கும் இந்தக் கூட்டம்தான், ஆனால் ‘ஆஃப்’ இல்லாமல் வராது: ‘ஐ திங்க் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் எ ஸ்பீக்கர்’. உங்கள் இரண்டாம் வாக்கியத்தில் தொலைந்துபோனது அந்தச் சின்ன ‘ஆஃப்’. ‘திங்க் யுவர்செல்ஃப் லக்கி’ என்று ‘ஆஃப்’ இல்லாமல் ஒரு வழக்கு உண்டு. அது ‘பிழைத்தோம் என்று நினைத்துக்கொள்’ என்கிற மாதிரி, அந்த ஓரிரு சொல்லோடு நின்றுவிடும். அதைப் பார்த்து வேறு வாக்கியம் கட்ட வேண்டாம்.

‘ஆஸ்’ வேண்டாம் என்கிற கூட்டம்: ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் லக்கி’, ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் எ குட் ஸ்பீக்கர்’, ‘ஐ கால் மைசெல்ஃப் எ ரைட்டர்’. ‘கன்சிடர்’ வேண்டுமானால் ‘டு பி’யை ஏற்றுக்கொள்ளும்: ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் டு பி எ ஃபேர் பெர்சன்’. ‘கன்சிடர் மைசெல்ஃப் ஆஸ்’ என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் உண்டு, அதனால் அதைப் பெரிய குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பக் கட்டுரையைப் படிப்பவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது. கண்டிப்பானவர் கையில் சிக்கினால்? விட்டுவிடுங்கள். ‘ஆஸ்’ கட்டாயம் வேண்டும் போலிருந்தால் ‘ரிகார்ட்’ இருக்கிறது.

‘ஃபீல்’ தனி ஜாதி. அதற்கு ‘ஆஸ்’ஸும் வேண்டாம், ‘மைசெல்ஃப்’பும் வேண்டாம். ‘ஐ ஃபீல் கான்ஃபிடென்ட்’ என்பதோடு முடிந்தது. களைப்பாக இருந்தால் ‘ஐ ஃபீல் டயர்ட்’ என்றுதானே சொல்வீர்கள்? ‘ஐ ஃபீல் மைசெல்ஃப் டயர்ட்’ என்று யாரும் சொல்வதில்லை. தன்னம்பிக்கைக்கும் அதே கணக்கு. ‘ஐ டோன்ட் ஃபீல் மைசெல்ஃப் டுடே’ என்று கேட்டிருக்கலாம். அதன் பொருள் ‘இன்றைக்கு நான் நானாக இல்லை, உடம்போ மனசோ சரியில்லை’ என்பது. மற்ற இடங்களில் ‘ஃபீல் மைசெல்ஃப்’ என்று எழுதினால் தன்னைத் தானே தொட்டுப் பார்ப்பது போன்ற பொருளும் தலைகாட்டும். படிப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அது நீங்கள் விரும்பிய சிரிப்பாக இருக்காது.

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் நடுவில் ‘லைக்’ வேண்டும்: ‘ஐ ஃபெல்ட் லைக் எ ஃபெயிலியர்’. ஆனால் ‘லைக்’குக்குப் பிறகு ‘இங்’ வந்தால் பொருள் புரண்டுவிடும். ‘ஐ ஃபீல் லைக் லீவிங்’ என்றால் ‘கிளம்பிவிடலாம் போலிருக்கிறது’ என்ற ஆசை. அங்கே உங்களைப் பற்றிய கணிப்பு ஏதும் இல்லை.

அறிமுகத்தில் ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பித்துப் பெயரைச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. கட்டுரை அப்படித் தொடங்கினால் உடனே ‘ஐ ஆம்’ என்று மாற்றிவிடுங்கள். ‘மைசெல்ஃப்’ எழுவாயாக நிற்காது. முன்னால் ஒரு ‘ஐ’ இருந்தால்தான் அதற்கு வேலை.

சரி, இனி டென்ஸ். உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன்.

‘ஐ ஆம் கன்சிடரிங்’ ஏன் உறுத்துகிறது? ஆங்கிலத்தில் வினைகள் இரண்டு மாதிரி நடந்துகொள்ளும். ஓடுவது, எழுதுவது போன்றவற்றுக்குத் தொடக்கமும் போக்கும் உண்டு; நடுவில் நிறுத்தலாம், ‘இப்போது செய்துகொண்டிருக்கிறேன்’ எனலாம். நம்புவது, அறிவது, ஒன்றை இன்னதென்று கருதுவது போன்றவை நிலைகள். அவை நடப்பதில்லை, இருக்கின்றன. 1957இல் ஜீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் ஆங்கில வினைகளை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். அதில் இந்த நிலை வினைகளுக்குத் தனி இடம் கொடுத்தார். ஒரே ‘திங்க்’ இரண்டு வகையிலும் வரும் என்பதையும் அவர் கவனித்தார். ‘ஐ திங்க் தட்’ என்பது நிலை, ‘ஐ ஆம் திங்கிங் அபவுட்’ என்பது மனத்துக்குள் ஓடும் வேலை.

‘கன்சிடர்’ அப்படியே அந்த இரட்டை வேடம் போடும். ‘ஐ ஆம் கன்சிடரிங் அப்ளையிங் ஃபார் எ ஜாப்’ என்பது முழுக்கச் சரி. அங்கே நீங்கள் இன்னும் முடிவுக்கு வராமல் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘ஐ கன்சிடர் மைசெல்ஃப் எ குட் ஸ்பீக்கர்’ என்பதில் யோசனை முடிந்து கருத்து உட்கார்ந்துவிட்டது. அங்கே போய் ‘ஐ ஆம் கன்சிடரிங் மைசெல்ஃப்’ என்றால், நல்ல பேச்சாளராக இருக்கலாமா வேண்டாமா என்று இப்போதுதான் ஆலோசித்துக்கொண்டிருப்பது போல ஆகிவிடும்.

நாம் ஏன் இதில் வழுக்குகிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. ‘இப்போது’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘ப்ரெசென்ட் கன்டின்யூயஸ்’ போட வேண்டும் என்று பள்ளியில் பழகிவிட்டோம். ‘நவ்’ இருந்தால் ‘இங்’. அந்தச் சூத்திரம் ஓடுவதற்கும் சாப்பிடுவதற்கும் பொருந்தும், கருதுவதற்குப் பொருந்தாது. ‘ஐ நவ் கன்சிடர் மைசெல்ஃப்’ என்று ‘நவ்’வை வினைக்கு முன்னால் நகர்த்திவிட்டு, ‘இங்’கை எடுத்துவிடுங்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘ஐ ஆம் ஃபீலிங் பெட்டர்’, ‘ஐ ஃபீல் பெட்டர்’ இரண்டும் ஒன்றுதான். இப்போதைய மனநிலைக்கு எதையும் எழுதலாம். ஒரு கருத்து மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது என்று காட்டவும் ‘இங்’ வரும். ஆனால் அப்போது ‘இங்’கை ‘பிகின்’ அல்லது ‘ஸ்டார்ட்’ மேல் ஏற்றுவது பாதுகாப்பு: ‘ஐ ஆம் பிகினிங் டு சீ மைசெல்ஃப் ஆஸ் எ லீடர்’. இது எனக்குப் பிடித்த அமைப்பு. ‘ஐ ஆம் எ லீடர்’ என்று மார்தட்டவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. மாற்றம் முழுதாக முடிந்திருந்தால் ‘ஐ ஹேவ் கம் டு சீ மைசெல்ஃப் ஆஸ்’.

இந்த ‘திங்க்’, ‘திங்கிங்’ தகராறு தத்துவத்தையே விட்டுவைக்கவில்லை. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் 1637இல் தன் மொழியில் எழுதிய, ‘சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற பிரபலமான வரியை ஆங்கிலத்தில் ‘ஐ திங்க், தேர்ஃபோர் ஐ ஆம்’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் அதை ‘ஐ ஆம் திங்கிங், தேர்ஃபோர் ஐ எக்ஸிஸ்ட்’ என்று பெயர்த்தவர்களும் உண்டு. சிந்திக்கும் வழக்கம் உள்ளவன் என்பதைவிட, இந்தக் கணத்தில் சிந்தித்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அந்த வாதத்துக்கு வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இரண்டாம் வாக்கியத்தில் ‘வாஸ் ஆல்வேஸ் திங்கிங்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஆல்வேஸ்’ஸும் ‘இங்’கும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஒரு சலிப்பு வந்துவிடும். ‘ஷி இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்’ என்றால் ‘எப்பப் பார்த்தாலும் புலம்பல்’ என்று அர்த்தம். உங்களைப் பற்றியே நீங்கள் அலுத்துக்கொள்வது போல ஒலிக்கும். ஆகவே அங்கேயும் ‘இங்’ போகட்டும். போன பிறகு எந்த டென்ஸ் என்பதுதான் உண்மையான கேள்வி. ஒரே செய்தியை நான்கு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

‘ஐ ஹேவ் ஆல்வேஸ் தாட் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் எ ஃபெயிலியர்.’ அன்று தொடங்கியது இன்றும் தொடர்கிறது. இப்போதும் உங்களைத் தோற்றவளாகவே நினைக்கிறீர்கள்.

‘ஐ யூஸ்ட் டு திங்க் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் எ ஃபெயிலியர்.’ ஒரு காலத்தில் நினைத்தேன், இப்போது இல்லை. எப்போது மாறியது என்று இது சொல்லாது. மாறிவிட்டது என்று மட்டும் சொல்லும்.

‘ஐ ஹேட் ஆல்வேஸ் தாட் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் எ ஃபெயிலியர் அன்டில் ஐ ஜாய்ன்ட் த டிராமா க்ளப்.’ கடந்த காலத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதற்கும் முந்தைய நிலை இது. இந்த ‘ஹேட்’ தனியாக நிற்காது. எந்தத் திருப்பத்துக்கு முன்னால் என்பது பக்கத்திலேயே தெரிய வேண்டும். பலர் ‘பாஸ்ட் பர்ஃபெக்ட்’ என்றால் ரொம்பப் பழைய காலம் என்று எடுத்துக்கொண்டு, சிறு வயது பற்றிய எல்லா வாக்கியத்திலும் ‘ஹேட்’ போடுகிறார்கள். எத்தனை வருடம் ஆயிற்று என்பதற்கும் ‘ஹேட்’டுக்கும் சம்பந்தமில்லை. நேற்றைய ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் முன்பு நடந்ததற்கும் அது வரும்.

‘ஐ ஆல்வேஸ் தாட் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் எ ஃபெயிலியர்.’ இது மழுப்பல். இப்போது மாறிவிட்டது என்றும் எடுக்கலாம், மாறவில்லை என்றும் எடுக்கலாம். அமெரிக்கப் பேச்சில் ‘ஹேவ்’ வர வேண்டிய இடத்திலும் இது சாதாரணமாக வரும். அடுத்த வாக்கியம் சந்தேகத்தைத் தீர்த்துவிடும் என்றால் தாராளமாக எழுதலாம்.

இந்த நான்கில் முதலாவது உங்கள் கதைக்கு நேர் எதிர். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் படிப்பவர் உங்களை வேறு ஆளாக எடுத்துக்கொள்வார். பிழை திருத்தும் மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் உங்கள் மனம் மாறிய விஷயம் அதற்குத் தெரியாது.

அடுத்து முதல் வாக்கியம். “சிறு வயதிலிருந்தே நான் கூச்ச சுபாவம்” என்று தமிழில் சொன்னால் அதில் வினையே இல்லை, கவனித்தீர்களா? காலம் காட்ட எதுவும் இல்லாமலேயே வாக்கியம் நிறைவாக நிற்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அங்கே ஏதாவது ஒரு வினை வேண்டுமே என்று கைக்கு அகப்பட்ட ‘ஆம்’மைப் போட்டுவிடுகிறோம். அன்று முதல் இன்று வரை என்றால் ஆங்கிலம் ‘ப்ரெசென்ட் பர்ஃபெக்ட்’தான் கேட்கும்: ‘ஐ ஹேவ் பீன் ஷை சின்ஸ் சைல்ட்ஹுட்’. கூச்சம் போய்விட்டது என்றால் ‘ஐ வாஸ் எ ஷை சைல்ட்’ போதும், ‘சின்ஸ்’ஸுக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாம் வாக்கியத்திலும் இதே ‘சின்ஸ்’ உதவும். ‘ஆஃப்டர்’ ஒரு நிகழ்வுக்கு அடுத்து என்ன நடந்தது என்று சொல்லும்: ‘ஆஃப்டர் ஜாய்னிங் த டிராமா க்ளப், ஐ பிகேன் டு ஃபீல் கான்ஃபிடென்ட்’. அது கடந்த காலத்தில் முடிந்துபோகும். அந்த நம்பிக்கை இன்று வரை கூடவே வருகிறது என்றால் ‘சின்ஸ் ஜாய்னிங் த டிராமா க்ளப், ஐ ஹேவ் ஃபெல்ட் மோர் கான்ஃபிடென்ட்’.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கட்டுரையின் மீதியில் கட்டாயம் வரும். “நான் தோற்றவள் என்று நினைத்தேன்” என்பதில், நினைத்தது நேற்றோ பத்து வருடம் முன்போ, ‘தோற்றவள்’ அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னால் ‘தாட்’ வந்துவிட்டால் பின்னால் இருப்பதும் கூடவே இறங்க வேண்டும்: ‘ஐ தாட் ஐ வாஸ் எ ஃபெயிலியர்’. ‘ஐ தாட் ஐ ஆம்’ என்று எழுதினால் காது உடனே இடறும். எதிர்மறைக்கும் ஒரு பழக்கம் உண்டு: ‘நான் அவ்வளவு நல்ல பேச்சாளர் இல்லை என்று நினைக்கிறேன்’ என்பதை ‘ஐ டோன்ட் திங்க் ஐ ஆம் எ வெரி குட் ஸ்பீக்கர்’ என்று ‘நாட்’டை முன்னால் கொண்டுவந்துதான் சொல்வார்கள். ‘ஐ திங்க் ஐ ஆம் நாட்’ தவறில்லை, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

‘ரியலைஸ்’ என்ற வினையை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். ‘ஐ ஃபெல்ட் ஐ வாஸ் எ குட் ஸ்பீக்கர்’ என்றால் அது உங்கள் எண்ணம். சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ‘ஐ ரியலைஸ்ட் ஐ வாஸ் எ குட் ஸ்பீக்கர்’ என்றால் அது ஏற்கெனவே உண்மை, நீங்கள் கண்டுகொண்டது மட்டும் தாமதம் என்றாகிவிடும். தன்னைத் தானே புகழ்வதில் இது கொஞ்சம் அதிகம். குறையைச் சொல்ல வேண்டுமானால் இதே வினை அழகாக உட்காரும்: ‘ஐ ரியலைஸ்ட் ஐ வாஸ் நாட் லிசனிங் டு அதர்ஸ்’.

அடக்கமாகச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு வழி இருக்கிறது. ‘ஐ வுட் டிஸ்க்ரைப் மைசெல்ஃப் ஆஸ்’ என்பதில் அந்த ‘வுட்’, ‘யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன்’ என்று ஒரு அடி பின்னால் நிற்க வைக்கும். ‘ஐ லைக் டு திங்க் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ்’ இன்னும் இலகுவானது, லேசான சிரிப்போடு வரும். நேர்காணலில் நன்றாக இருக்கும். கட்டுரையில் ஒரு முறைக்கு மேல் வந்தால் நழுவுவது போலத் தெரியும்.

இவற்றையெல்லாம்விட உங்களுக்கு உதவக்கூடியது ‘ஃபைன்ட் மைசெல்ஃப்’. திட்டமிடாமல், தன்னையறியாமல் ஒன்றைச் செய்கிறோம் என்று கவனிக்கும் வாக்கியம் அது. பின்னால் ‘இங்’ வரும், ஆனால் முன்னால் ‘ஃபைன்ட்’ சாதா நிகழ்காலமாகவே இருக்கும். கீழே உங்கள் பத்தியில் ஒரு இடத்தில் வைத்திருக்கிறேன்:

“ஐ வாஸ் எ ஷை சைல்ட், அண்ட் ஃபார் இயர்ஸ் ஐ தாட் ஆஃப் மைசெல்ஃப் ஆஸ் எ ஃபெயிலியர். தென் ஐ ஜாய்ன்ட் த டிராமா க்ளப். ஐ ஹேவ் ஃபெல்ட் மோர் கான்ஃபிடென்ட் எவர் சின்ஸ், அண்ட் தீஸ் டேஸ் ஐ ஃபைன்ட் மைசெல்ஃப் ரெய்சிங் மை ஹேண்ட் பிஃபோர் எனிஒன் எல்ஸ்.”

‘ஃபார் இயர்ஸ் ஐ தாட்’ என்பதில் ‘ஹேவ்’ இல்லை, பார்த்தீர்களா? அந்த வருடங்கள் முடிந்துவிட்டன. ‘ஃபார்’ வந்தாலே ‘ஹேவ்’ போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘குட் ஸ்பீக்கர்’ வாக்கியத்தை எடுத்துவிட்டேன். மற்ற எவரையும் முந்திக்கொண்டு கை தூக்குகிறவள் என்று சொன்ன பிறகு அது தேவைப்படவில்லை. வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தால் ‘ஐ நவ் கன்சிடர் மைசெல்ஃப் எ குட் ஸ்பீக்கர்’ என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. ‘ஐ ஆம் எ ஷை பெர்சன்’ என்று நீங்கள் எழுதியது வெறும் டென்ஸ் பிழைதானா, இல்லை கூச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறதா? மேடையில் கலக்கிவிட்டு, இறங்கியதும் யாரோடும் பேசாதவர்கள் நிறைய உண்டு. நீங்களும் அப்படி என்றால் முதல் வாக்கியம் வேறு மாதிரி வர வேண்டும்: “ஐ ஹேவ் ஆல்வேஸ் பீன் ஷை, பட் ஐ நோ லாங்கர் சீ இட் ஆஸ் எ வீக்னெஸ்.” கூச்சத்துக்கு ‘ஹேவ் பீன்’, அதை நீங்கள் பார்க்கும் விதத்துக்கு ‘நோ லாங்கர்’. என்னைக் கேட்டால் இதுதான் சுவாரசியமான கட்டுரை.

எதை எடுத்தாலும், ‘ஃபெயிலியர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நடந்தது ஒன்றைச் சேருங்கள். பேசாமல் இருப்பது தோல்வி ஆகாதே, எதில் தோற்றாள் என்று படிப்பவர் கேட்பார். வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்திருக்காத ஒரு நாள் போதும், ‘வென் ஐ நியூ தி ஆன்ஸர் பட் டிட் நாட் ஸ்டேண்ட் அப்’ என்று அரை வாக்கியம். சொல்லும்படி அப்படி ஒன்றும் இல்லையென்றால் ‘ஃபெயிலியர்’ வேண்டாம், ‘அவுட்சைடர்’ என்று மாற்றிவிடுங்கள். டென்ஸில் எதையும் தொட வேண்டியிருக்காது.